நைனாவின் நெஞ்சு வலி

நைனாவுக்கு முதன்முதலாக நெஞ்சு வலி வந்தபோது நான் வேலையில் இருந்தேன். பேச்சு வராத குழந்தைகளுக்கும், அடம் அதிகமாக உள்ள குழந்தைகளுக்கும் பயிற்சி கொடுக்கும் சின்ன மையம் ஒன்று திருத்தணியில் இருக்கிறது. அங்கே நான் சிறப்பு ஆசிரியை. போனில் வந்த அம்மாவின் குரல் யாருடையதோ போல இருந்தது.

“உங்க நைனா நெஞ்சப் புடிச்சிகினு உக்காந்துட்டாருடி. கேட்டா பேச மாட்டேங்கிறாரு. சீக்கிரம் வா.”

நான் வண்டியில் போய்ச் சேருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். நைனா முகம் வெளிறி, ஒரு கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, இருந்தாலும் சென்னையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்றார்கள். அம்பத்தூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் லீவு போட்டுவிட்டு ஓடிவந்தான். சென்னையில் எல்லாப் பரிசோதனையும் செய்தோம். இதயத்தில் கோளாறு இல்லை, ரத்தக்குழாய் சுத்தமாக இருக்கிறது, வாயுத் தொல்லையும் தசைப்பிடிப்பும்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். அண்ணன் தன் மனைவி பிள்ளையோடு வந்து சில நாட்கள் வீட்டில் தங்கினான். நைனாவின் கட்டில் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்தான். உறவினர்கள் பள்ளிப்பட்டிலிருந்தும் நகரியிலிருந்தும் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த நாட்களில் நைனா நன்றாகச் சாப்பிட்டார். நன்றாகத் தூங்கினார்.

நைனா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிப்பட்டு வழித்தடம்தான் அவருக்குப் பெரும்பாலும். ஒரு காலத்தில் அந்தச் சாலையில் அவர் வண்டிக்காகக் காத்திருக்காத ஊரே இல்லை. தறிக்காரர்கள் சேலைக் கட்டுகளோடு நிற்பார்கள், பள்ளிக்கூடப் பெண்கள் ஓடிவந்து ஏறுவார்கள். ஓடிவருகிறவர்களுக்காக அவர் பிரேக்கில் கால் வைத்துக் காத்திருப்பார். ஆனால் வீட்டில் தனக்கு இது வேண்டும் என்று அவர் யாரிடமும் கேட்டதே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைப் பார்ப்பார். அம்மா எடுத்துக் கொடுப்பார். அப்படியே பழகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சட்டைப் பையில் இருக்கும் போனை அடிக்கடி எடுத்துப் பார்த்து மறுபடி வைத்துக்கொள்வார்.

அண்ணன் சென்னைக்குத் திரும்பிய அடுத்த வாரமே மறுபடி வலி வந்தது. மறுபடி ஆட்டோ, மறுபடி இ.சி.ஜி., மறுபடி ஒன்றுமில்லை. அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. அம்மா என்னைக் கூப்பிடுவார், நான் அண்ணனைக் கூப்பிடுவேன், அண்ணன் நைனாவைக் கூப்பிடுவான். சில சமயம் அண்ணன் வந்துவிடுவான், சில சமயம் வேலை விடாது. வலி மட்டும் தவறாமல் வந்தது.

என் வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் மையத்துக்கு அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு சிறுமி வந்துகொண்டிருந்தாள். பெற்றோர் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். பேச்சு வராது. மணி கோக்கக் கொடுத்தால் சற்று நேரத்தில் தன் கையையே கடித்துக்கொள்வாள், பல் பதியும் அளவுக்கு. அவள் அம்மா பதறிப்போய் மணிகளைப் பிடுங்கி வைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார். குழந்தை உடனே அமைதியாகிவிடும். “கோவம் ஜாஸ்தி டீச்சர் இவளுக்கு” என்பார். கோபம் இல்லை அது. கையைக் கடித்தால் மணி போய்விடுகிறது. அவளுக்கு இருந்த ஒரே வழி அது, அந்த வழி ஒவ்வொரு முறையும் வேலை செய்தது. வேலை செய்கிற ஒன்றை யார்தான் விடுவார்கள்?

நாங்கள் அவளைத் திட்டவில்லை, கையைக் கட்டிவைக்கவும் இல்லை. உள்ளங்கையை மேசையில் தட்டினால் ‘போதும்’ என்று அர்த்தம் என்று சொல்லிக்கொடுத்தோம். அவள் தட்டிய கணமே மணியை எடுத்துவிட்டோம். தட்டுவது கடிப்பதைவிடச் சுலபம், வலியும் இல்லை, பலனும் அதேதான். கடிப்பது குறைந்துபோயிற்று. பிறகு ‘இன்னும் ஒரு மணி கோத்துட்டுப் போலாம்’ என்று மெல்ல நீட்டினோம். இதுதான் என் தொழில். ஒருவர் செய்யும் தொல்லையான காரியத்துக்குப் பின்னால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்பது, அதையே நல்ல வழியில் கிடைக்கச் செய்வது.

ஒருநாள் மதியம் நான் பெற்றோர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணனிடமிருந்து போன் வந்தது. நைனா எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், எல்லாமே கேட்கும்.

“நைனா, சாப்ட்டீங்களா?”

“ஆங், ஆச்சு.”

“சுகர் மாத்திர போட்டீங்களா?”

“போட்டேன்.”

“சரி, இந்த ஞாயித்துக்கெழம வரமுடியாது நைனா, கொஞ்சம் வேல கீது. அம்மாகிட்ட குடுங்க.”

அம்மா போனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். அண்ணனும் அம்மாவும் பேரப்பிள்ளையின் காய்ச்சல், அண்ணியின் புது வேலை, வீட்டு ஓனர் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். நடுநடுவே அம்மாவின் சிரிப்பு கேட்டது. நைனா நாற்காலியில் உட்கார்ந்து சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கை நெஞ்சுக்குப் போயிற்று. முனகல் வந்தது.

அம்மா போனோடு ஓடிவந்தார். “இன்னாங்க, மறுபடியுமா? டேய், உங்க நைனாக்கு வலி வந்துட்சிடா!” என்று போனை நைனாவின் காதில் வைத்தார். “நைனா! இன்னா பண்ணுது நைனா? எந்தப் பக்கம் வலிக்குது? நான் வரட்டுமா?” என்று அண்ணன் பதறினான். அம்மா தைலத்தை எடுத்து நெஞ்சில் தடவினார். அண்ணன் நெடுநேரம் நைனாவோடு மட்டுமே பேசினான். வலி மெல்லக் குறைந்தது.

நான் சாப்பாட்டுத் தட்டில் கை காய உட்கார்ந்திருந்தேன். கண்ணெதிரே நடந்ததில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சும்மா இருக்கும் நைனாவுக்குச் ‘சாப்ட்டீங்களா, மாத்திர போட்டீங்களா’ மட்டும் கிடைக்கிறது. நெஞ்சு வலிக்கும் நைனாவுக்கு மகனே கிடைக்கிறான். முந்தைய தடவைகளையும் யோசித்துப் பார்த்தேன். அண்ணன் வீட்டில் இருந்த நாட்களில் ஒருமுறைகூட வலி வந்ததில்லை. அம்மா கிருத்திகைக்குத் தெருப் பெண்களோடு மலைக்குக் கிளம்பிய நாளில் வந்தது. அம்மா தன் தங்கையோடு போனில் இருந்தபோது வந்தது. அண்ணன் வரவில்லை என்று சொன்ன பிறகு வந்தது. அம்மா மலைக்குப் போவதையே விட்டிருந்தார்.

அன்றைக்கு அம்மாவைத் தனியே பின்கட்டுக்கு அழைத்துப்போய்ச் சொன்னேன். அம்மாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

“எனக்கும் அப்பப்போ தோணும்டி. ஆனா அந்த முனகல் சத்தம் கேட்டா எனக்குக் கை காலு ஓடாது. அது நின்னா போதும்னு ஓடுறேன். நான் போயி பக்கத்துல உக்காந்தா நிக்குது.”

“நிக்குதுல்ல, அதான் நீ ஓடுற. நீ ஓடுற, அதான் அவருக்கு வருது. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பழக்கிட்டீங்கம்மா.”

“அதுக்குன்னு வுட்டுட முடியுமா? ஒருநாளு நெஜமா வந்துட்டா?”

அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எதையும் தொடங்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். மறுநாள் நைனாவை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போனேன். எல்லா ரிப்போர்ட்டையும் பார்த்தவர் அவர். நான் சொன்னதையும், வலிக்கெல்லாம் ஓடாமல் இருந்து பார்க்கலாமா என்று கேட்டதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “நீங்க நெனைக்கிறது சரியாத்தான் இருக்கும். ஆனா ஒண்ணு. வேர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, கைக்கோ தாடைக்கோ வலி போனாலோ, எப்பவும் வர்ற மாதிரி இல்லன்னு உங்களுக்குத் தோணினாலோ யோசிக்காதீங்க. நேரா கூட்டினு வந்துடுங்க. மத்த நேரத்துல நீங்க சொல்ற மாதிரி செய்யலாம்” என்றார். அம்மாவுக்கு அதை மனப்பாடம் ஆகும்வரை சொல்லிக்கொடுத்தேன்.

அண்ணனிடம் போனில் சொன்னதுதான் சிக்கலாயிற்று.

“நைனா நடிக்கிறாருன்னு சொல்றியா நீ?”

“நடிக்கல அண்ணா. வலி நெஜம்தான்.”

“அப்புறம்?”

“ஸ்கூல் படிக்கும்போது திங்கக்கெழமயானா உனக்கு வயித்து வலி வருமே, ஞாபகம் கீதா?”

“அது நெஜமாவே வலிச்சிது.”

“அம்மா இன்னா பண்ணுவா?”

“கஞ்சி குடுத்துப் படுக்க வெப்பா.”

“அடுத்த திங்கக்கெழம?”

அண்ணன், “புரியுது. அப்ப இனிமே கண்டுக்கக் கூடாது, அவ்ளோதானே?” என்றான். அது பாதிதான் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டான். மீதியை அந்த வாரம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அண்ணன் அந்த வாரம் வரவில்லை. அந்தப் பாதியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டான். நைனாவுக்கு வலி என்றால் போனை எடுப்பதில்லை. ஏற்கெனவே கொஞ்சமாக இருந்த பேச்சும் நின்றுபோயிற்று. நைனாவின் வலி குறையவில்லை, ஏறியது. காலையிலும் வந்தது, மாலையிலும் வந்தது. முனகல் அலறலாயிற்று. எனக்கு அது ஆச்சரியமில்லை. தினமும் ஸ்டார்ட் ஆகிற வண்டி ஒருநாள் ஆகாவிட்டால் நாம் உடனே இறங்கி நடப்பதில்லை. ஓங்கி ஓங்கி மிதிக்கிறோம். கிடைத்துக்கொண்டிருந்தது திடீரென்று நின்றுபோனால் எந்த மனிதரும் அப்படித்தான்.

ஒரு முற்பகலில் நைனா கூடத்துத் தரையிலேயே விழுந்து கிடந்தார். அம்மா தொட்டால் கையைத் தட்டிவிட்டார். தெருவே கூடிவிட்டது. யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய, இன்னொருவர் அண்ணனின் ஆபீசுக்கே போன் போட்டு, “உங்க நைனாக்கு ரொம்ப சீரியஸ், உடனே பொறப்டு வாப்பா” என்று சொல்லிவிட்டார். மாலை வெயில் சாய்வதற்குள் அண்ணன் ஆஸ்பத்திரிக்குள் ஓடிவந்தான். நைனாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். நைனா அவன் தலையில் கை வைத்தார். பரிசோதனையில் எல்லாம் சரியாகவே இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருந்த டீக்கடையில் அண்ணனும் நானும் நின்றோம். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றான்.

“நீ சொன்னதக் கேட்டுத்தான் இப்படி ஆச்சு.”

“நான் சொன்னது பாதி. மீதியக் கேளு. கண்டுக்காம இருந்த. வலி பெருசாச்சு. பெருசானதும் ஓடி வந்த. இப்ப அவரு ஒடம்பு இன்னா கத்துக்கும் சொல்லு.”

அண்ணன் யோசித்தான். “சின்ன வலிக்கு வரமாட்டான். தரையில வுழுந்தாத்தான் வருவான்.”

“ஆங். அதுவுமில்லாம நீ ஒரு தடவ வர்ற, ஒரு தடவ வரல. மலையில குரங்கப் பாத்துகீறியா? எப்பவாச்சும் வாழப்பழம் போடுற ஆளு பின்னாடிதான் அது விடாம சுத்தும். எப்பவுமே போடாத ஆள சீக்கிரம் வுட்டுடும்.”

“நைனாவப் போயி கொரங்குன்ற.”

“நம்ம எல்லாரும்தான் அண்ணா. நீ ஏன் நிமிஷத்துக்கு ஒருதரம் போன எடுத்துப் பாக்குற? எப்பவாச்சும் நல்ல மெசேஜ் வருது, அதான்.”

அவன் முதல்முறையாகச் சிரித்தான். டீயைக் குடித்தான். “சரி, மீதிப் பாதிய சொல்லு.”

மீதிப் பாதி இதுதான். நைனாவுக்கு வேண்டியது நாம்தான். அதில் தப்பே இல்லை. அதைப் பிடுங்கிக்கொண்டால் சண்டைதான் வரும். அதை நாமே முன்கூட்டிக் கொடுத்துவிட வேண்டும், வலி வருகிறதா இல்லையா என்று பார்க்காமல். அண்ணன் தினமும் காலையில் அவரைக் கூப்பிட வேண்டும். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கக் கூடாது. மாத்திரையை அம்மா பார்த்துக்கொள்வார். வலி வந்தால் அம்மா டாக்டர் சொன்ன அறிகுறிகளைப் பார்க்க வேண்டும், பி.பி. மெஷினை வைக்க வேண்டும். சரியாக இருந்தால் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் தைலம் வேண்டாம், கேள்வி வேண்டாம், யாருக்கும் போன் வேண்டாம். வலி இல்லாமல் அவர் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் டீயை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேச வேண்டும். கடைசியாக, என்றைக்காவது அவர் வாய் திறந்து ‘வா’ என்று கேட்டால், அந்த ஒரு நாளைத் தவறவிடவே கூடாது.

“நைனா கேப்பாரா? நான் பொறந்ததுலருந்து அவரு எதையும் கேட்டதில்ல.”

“கேக்கத் தெரியல. கேட்டா கெடைக்கும்னு அவருக்குத் தெரியணும்.”

முதல் சில நாட்கள் அண்ணனின் காலைப் போன்களைக் கேட்கவே பாவமாக இருந்தது. உடம்பைத் தவிர வேறு எதைப் பற்றிப் பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை.

“இன்னாடா, தெனமும் போன் பண்ற? எதாச்சும் பிரச்சனையா?” என்று நைனா சந்தேகப்பட்டார்.

“ஒண்ணுமில்ல நைனா. சும்மாதான்.”

“சும்மா எதுக்குடா?”

வழி தானாகத்தான் கிடைத்தது. அண்ணன் நண்பர்களோடு சித்தூர் பக்கம் காரில் போக வேண்டியிருந்தது. எந்த வழியாகப் போனால் நல்லது என்று நைனாவைக் கேட்டான். நைனா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்தத் திருப்பத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும், எந்த ஊர்ச் சந்தை நாளில் சாலை அடைத்துக்கொள்ளும், எந்தப் பாலத்துக்கு அப்புறம் நல்ல டிபன் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். “மேப்ப நம்பி கீழ் ரோட்ல பூந்துடாத, மண்ணு ரோடு அது” என்றார். அண்ணன் திரும்பி வந்த பிறகு வழியில் பார்த்ததைச் சொன்னான். அவன் சொன்ன ஒரு பாலத்தை நைனா மறுத்தார். மறுநாளும் அதே பாலத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். அதன் பிறகு காலைப் போனுக்கு யாரும் விஷயம் தேட வேண்டியிருக்கவில்லை. நைனா குளித்துவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கத் தொடங்கினார்.

அம்மாவுக்குத்தான் கஷ்டம். முனகல் கேட்டால் பி.பி. மெஷினைக் கட்டும்போதே கண் தைல அலமாரிக்குப் போய்விடும் என்பார். ஒருமுறை தைலத்தை எடுத்துவிட்டு, மறுபடி அலமாரியில் வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். “வெச்சிட்டேன்டி. ஆனா என் நெஞ்சுதான் இப்ப வலிக்குது.” நான் அன்று மையம் முடிந்து நேராகப் போய் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். ஓடாமல் இருப்பதும் பழக வேண்டிய வேலைதான். அதைப் பழகுகிறவருக்கும் பக்கத்தில் ஒருவர் தேவை.

வலி ஒரேயடியாகப் போகவில்லை. வரும், ஆனால் சீக்கிரம் அடங்கிவிடும். வருகிற இடைவெளி நீண்டது. நைனாவே சில சமயம், “வாயுதான், சோம்புத் தண்ணி வை” என்று சொல்ல ஆரம்பித்தார். கிருத்திகை வந்தபோது அம்மாவை மலைக்குப் போகச் சொன்னேன். கிளம்பும்முன் நைனாவிடம் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று அம்மா சொல்லிவிட்டுப் போனார். நான் நைனாவோடு உட்கார்ந்து டி.வி. பார்த்தேன். அவர் கை ஒருமுறை நெஞ்சுக்குப் போயிற்று. நான் திரும்பிப் பார்க்காமல், “நைனா, இந்தப் படத்துல வர்ற பஸ்ஸு எந்த மாடலு?” என்று கேட்டேன். கையை எடுத்துவிட்டு மாடலைச் சொன்னார். அம்மா சொன்ன நேரத்துக்கு முன்பே விபூதியோடு வந்துவிட்டார்.

மாம்பழ சீசன் தொடங்கியது. நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து வேன் வேனாகப் பழம் வந்து இறங்கும் நாட்கள். ஒரு காலையில் நான் வேலைக்குப் போகும் வழியில் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். நைனா அண்ணனோடு போனில் இருந்தார். பேச்சு முடிகிற கட்டத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“டேய்.”

“இன்னா நைனா?”

“பங்கனப்பள்ளி வந்துகீது. நல்லா கீது இந்த வருசம்.”

“அப்படியா நைனா?”

நைனா போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

“ஞாயித்துக்கெழம... வேல இல்லன்னா வாயேன்.”

அண்ணன் எனக்குத் தெரிந்து அவ்வளவு வேகமாக எதற்கும் பதில் சொன்னதில்லை. “வரேன் நைனா. ஞாயித்துக்கெழம இன்னாத்துக்கு, சனிக்கெழமயே வரேன்.”

போனை வைத்துவிட்டு நைனா என்னைப் பார்த்தார். ஏதோ தவறு செய்துவிட்டவர் போல, “பழம் நல்லா கீதுன்னு சொன்னேன்” என்றார். நான், “ஆங் நைனா, நல்லா கீது” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். தெருமுனை திரும்பும்வரை கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அம்மையார்குப்பத்துச் சிறுமி முதன்முதலாக மேசையைத் தட்டியபோது எனக்கு வந்த அதே சந்தோஷம் அது.

சனிக்கிழமை மின்சார ரயிலில் அண்ணன் குடும்பத்தோடு வந்து இறங்கினான். நைனா ஸ்டேஷனுக்கே போய்க் காத்திருந்தார். அடுத்த மாதம், பேரப்பிள்ளைக்குப் பள்ளிக்கூட லீவு எப்போது என்று அவரே கேட்டார். அண்ணனால் வர முடியாத வாரங்களும் இருந்தன. அப்போது ‘வரமுடியாது’ என்பதோடு நிறுத்தாமல், எந்த நாள் வருவேன் என்று சொல்லும்படி அவனுக்குச் சொல்லிவைத்தேன். நைனா முகம் சுளிப்பார். ஆனால் நெஞ்சைப் பிடிக்கவில்லை.

இந்த இடத்தில் என்னிடம் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நிஜமாகவே உடம்புக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? வந்தது. ஒரு காலையில் நைனா சாப்பிடாமல் சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெயிலில் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். வந்து உட்கார்ந்தவர் முனகவில்லை. “ஒரு மாதிரி கீது” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அம்மா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வியர்வை கொட்டியது. அவ்வளவுதான், அம்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டு அவரை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் எனக்கே போன் செய்தார். சர்க்கரை மிகவும் தாழ்ந்திருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்துவிட்டார். சரியான நேரத்தில் கூட்டிவந்தீர்கள் என்று டாக்டர் அம்மாவைப் பாராட்டினார். முன்பெல்லாம் ஒவ்வொரு முனகலுக்கும் பதறியதில் அம்மாவால் எதையும் பார்க்க முடிந்ததில்லை. இப்போது பதற்றம் குறைந்ததால் வியர்வை கண்ணில் பட்டது.

அண்ணன் போனில், “நான் வரலாமா? வந்தா மறுபடி பழையபடி ஆயிடுமா?” என்று கேட்டான்.

“ஒடம்பு சரியில்லாத அப்பாவப் பாக்க வர்றதுக்கு எங்கிட்ட பர்மிஷன் கேப்பியா? வா.”

வந்தான். ஒன்றும் பழையபடி ஆகவில்லை. எப்போதும் கிடைக்கிற ஒன்றுக்காக யாரும் தரையில் விழ வேண்டியதில்லை.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு மாலை நேரத்தில் அம்மா சமையலறையில் இருக்க, கூடத்தில் நைனாவும் நானும் மட்டும் இருந்தோம். “நீ அந்த எடத்துல இன்னா வேலதாம்மா பண்ற?” என்று கேட்டார். நான் அந்த வேலைக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து அவர் கேட்டதில்லை. மணி கோக்காமல் கையைக் கடித்த சிறுமியின் கதையைச் சொன்னேன். உன்னிப்பாகக் கேட்டார். பாதியிலேயே அவர் முகம் மாறிவிட்டது. பேருந்து ஓட்டியவர் அல்லவா, சாலை எங்கே திரும்புகிறது என்று முன்னாலேயே தெரிந்துவிடும்.

“அப்ப எனக்கும் இந்த வைத்தியம்தான் பண்ணியா?”

ஒளிக்க எனக்கு மனமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா பின்கட்டில் சொன்னது, டாக்டர் சொன்னது, டீக்கடையில் அண்ணனிடம் நான் சொன்னது. குரங்கை மட்டும் விட்டுவிட்டேன். நைனா எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான். நான் உள்ளேயே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“எங்கிட்டயே நேரா சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா நைனா?”

யோசித்தார். “மாட்டேன்” என்றார். பிறகு, “அந்தப் பொண்ணு இப்ப பேசுதா?” என்று கேட்டார்.

“பேச்சு வரல நைனா. ஆனா வேணும்னா வேணும்னு காட்டுறா, வேணாம்னா வேணாம்னு காட்டுறா.”

“அது போதுமே” என்று சொல்லிவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏம்மே, ஒரு டீ போட்டுக் குடேன். இவளுக்கும் சேத்துப் போடு.”